மகளின் 41 மேற்கோள்கள்

31 வருடம் மலேசியாவில் தோட்டத்தில் கிராணி வேலை, அதாவது கணக்குப்பிள்ளை வேலை, பார்த்தவன் நான். விடிவதற்கு முன் பெரட்டில் ஆள்கணக்கு, செக்ரோலில் பெயருக்கு நேரே குறி, சாயங்காலம் குலைக்கணக்கு, மாதக் கடைசியில் டன் கணக்கு. ஓர் எண்ணைக் கண்டால் அது எந்த மரத்தடியிலிருந்து கிளம்பி வந்தது என்று தேடிப் போகும் பழக்கம் அந்த வேலையோடு வந்து ஒட்டிக்கொண்டது. வேலையை விட்டு இத்தனை வருடம் ஆகியும் போகவில்லை. கடந்த தீபாவளிக்கு மகள் குளுவாங் வந்திருந்தபோது அந்தப் பழக்கம் எங்கள் இருவருக்கும் பயன்பட்டது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மகள் மூலக்கூறு உயிரியல் ஆய்வாளர். ஒரு பல்கலைக்கழகத்தில் முதுநிலை விரிவுரையாளராக இருக்கிறாள். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் குலை வெட்டி, உதிரிப்பழம் பொறுக்கி, கணக்கு எழுதிய அதே செம்பனையின், அதாவது எண்ணெய்ப்பனையின், மரபணுக்களைத்தான் அவள் ஆய்வுக்கூடத்தில் படிக்கிறாள். தீபாவளிக்கு மறுநாள் காலை முறுக்குத் தட்டைத் தொடாமல், மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு வீட்டு முன் அஞ்சடியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா?"

"பதவி உயர்வு இந்த வருஷமும் இல்லப்பா. எச்-இன்டெக்ஸ் போதலையாம். எனக்கு 14. அவங்க கேக்குறது 18."

14 என்றால் என்ன என்று கேட்டேன். பேப்பரும் பேனாவும் எடுத்துவரச் சொன்னாள். "36 மரம் இருக்குனு வச்சுக்குங்க. ஒவ்வொரு மரமும் எத்தனை குலை தந்துச்சுனு எழுதி, அதிகமா தந்த மரத்தை மேல வச்சு வரிசைப்படுத்துங்க. 14ஆவது மரத்துல 14 குலையாவது இருக்கு. 15ஆவது மரத்துல 15 இல்ல. அப்ப என் எண் 14." மரம் என்றால் அவள் எழுதிய ஆய்வுக் கட்டுரை. குலை என்றால், வேறு ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையில் அதை எடுத்துக்காட்டிய ஒவ்வொரு முறையும். மேற்கோள் என்கிறார்கள்.

2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் உண்டாக்கிய கணக்கு இது. நல்ல கணக்குதான். ஒரே ஒரு கட்டுரை பேர் வாங்கிவிட்டதால் மட்டும் இந்த எண் ஏறாது, யாரும் படிக்காத நூறு கட்டுரை எழுதிக் குவித்தாலும் ஏறாது. கணக்கெழுதியவன் என்ற முறையில் எனக்கு அது பிடித்தது. ஆனால் வரிசையில் முதலில் நின்ற கட்டுரைக்கு 187 மேற்கோள், 14ஆவதற்கு வெறும் 14. இரண்டும் அந்த எண்ணுக்குள் ஒன்றுபோலத்தான் கலந்து கிடக்கின்றன. அதோடு, இந்த எண் வயதோடு ஏறுமே தவிர இறங்காது. நேற்று கன்று நட்டவனையும் இருபது வருடம் முன் நட்டவனையும் ஒரே தராசில் நிறுத்துகிறது.

பால்மரம் இருந்த காலம் நினைவுக்கு வந்தது. பால் ஸ்டோரில் வாளியை நிறுத்தால் மட்டும் வேலை முடியாது. மெட்ரோலாக் என்ற மிதவையைப் போட்டு, பாலில் ரப்பர் எத்தனை பங்கு என்று பார்த்து, காய்ந்த எடையைக் கணக்கிட்டுத்தான் பெயருக்கு நேரே எழுதுவோம். எடைக்குத்தான் கூலி என்று வைத்துவிட்டால், எடை ஏறும் வழியைக் கை தேடும். பாலில் தண்ணீர் சேரும். அந்த ஆட்களை நான் குறை சொல்லமாட்டேன், வயிற்றுப்பாடு அப்படி. ஆய்வு உலகத்திலும் அப்படித் தண்ணீர் சேர்கிறது என்று மகள் சொன்னாள். தன் கட்டுரையைத் தானே தேவையில்லாமல் மேற்கோள் காட்டுவது, நண்பர்கள் மாறி மாறிக் காட்டிக்கொள்வது, காசு வாங்கிக்கொண்டு கட்டுரை தயாரித்துக் கொடுக்கும் கூட்டங்கள். 2023இல் மட்டும் உலகம் முழுக்க 10,000க்கும் அதிகமான கட்டுரைகளை இதழ்கள் திரும்பப் பெற்றன. அவற்றில் பல இப்படித் தயாரிக்கப்பட்டவை.

சரி, நேர்மையாக வேலை செய்கிறவளுக்கு ஏன் 14? அவள் படிக்கும் மரத்தில் பாதிப் பதில் இருக்கிறது.

மூலக்கூறு உயிரியலில் பலர் ஈ.கோலை என்ற நுண்ணுயிரில் வேலை செய்கிறார்கள். நல்ல சூழலில் அது 20 நிமிடத்தில் இரண்டாகும். செடிகளில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு செடியை எடுத்துக்கொள்கிறார்கள். விதையிலிருந்து விதைக்கு ஏறக்குறைய ஆறே வாரம். செம்பனையோ நாற்றங்காலில் ஒரு வருடம், தோட்டத்தில் நட்டபின் முதல் குலைக்கு இன்னும் இரண்டரை, மூன்று வருடம். 'மரபணுவில் இப்படி இருந்தால் பழத்தில் அப்படி வரும்' என்று ஒரு வரி எழுத வேண்டுமானால் அவள் பழம் வரும்வரை காத்திருக்க வேண்டும். இதழ்களுக்கு 'இம்பாக்ட் ஃபேக்டர்' என்று மதிப்பெண் இருக்கிறதே, அதில் வழக்கமாகச் சொல்லப்படுவது, முந்தைய இரண்டு வருடங்களில் வந்த கட்டுரைகளுக்கு இந்த வருடம் எத்தனை மேற்கோள் கிடைத்தது என்ற கணக்கு. இரண்டு வருடம்! எங்கள் மரம் அதற்குள் ஒரு பழம்கூடக் காட்டாது.

பழத்தின் கதையைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. செம்பனையில் தூரா என்ற வகைக்கு ஓடு தடிமன், சதை குறைவு. பிசிஃபேரா என்ற வகைக்கு ஓடே இல்லை, ஆனால் பெண்பூ பெரும்பாலும் காய்க்காது. இரண்டையும் கலந்தால் தெனேரா. மெல்லிய ஓடு, நிறையச் சதை, தூராவைவிட 30 விழுக்காடு போல அதிக எண்ணெய். இந்த ஓட்டைத் தீர்மானிப்பது ஒரே ஒரு மரபணு என்று 1941இல் பெல்ஜியன் காங்கோவில் பெய்ர்னார்ட், வாண்டர்வெயன் இருவரும் எழுதிவிட்டார்கள். எந்த மரபணு என்று தெரிய 2013 வரை ஆயிற்று. அந்த வருடம் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்து ஆய்வாளர்கள் வெளிநாட்டுக் குழுவினரோடு சேர்ந்து நேச்சர் இதழில் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார்கள். ஒன்று செம்பனையின் மரபணுத் தொகுதி முழுவதும், இன்னொன்று அந்த ஓட்டு மரபணு. இரண்டிலும் முன்னின்றவர்களில் ஒருவர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி. அந்தப் பெயரைப் படித்த அன்று என் மகள் வீட்டுக்குப் போன் போட்டு, "அப்பா, நம்ம பேரு மாதிரி ஒரு பேரு நேச்சர்ல" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

குலையை லோரித் தராசில் ஏற்றும்போது தூராவும் தெனேராவும் ஒரே எடைதான் காட்டும். வெட்டிப் பார்த்தால்தான் உள்ளே ஓடு எத்தனை, சதை எத்தனை என்று தெரியும். நான் எழுதிய டன் கணக்கில் அது கிடையாது. மகளுடைய 14இலும் அது கிடையாது. வெட்டிப் பார்ப்போம் என்றேன்.

முதலில் அந்த 187. செம்பனைத் திசுவிலிருந்து, மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வைச் சுத்தமாகப் பிரித்தெடுக்கும் ஒரு செய்முறை அது. இந்த மரத்தின் இலையிலும் பழத்திலும் பிசுபிசுப்பும் துவர்ப்பும் அதிகம், சாதாரண முறையில் எடுத்தால் கெட்டுவிடும். அவள் மாணவியாக இருந்தபோது தன் வேலை நடக்க வேண்டுமே என்று கண்டுபிடித்து எழுதி வைத்தது. அதைத்தான் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள், எழுதுகிறார்கள். உலகம் முழுக்க இப்படித்தான் என்றாள். நேச்சர் இதழ் 2014இல் அதிக மேற்கோள் பெற்ற நூறு கட்டுரைகளைப் பட்டியலிட்டபோது முதலில் நின்றது, கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க 1951இல் லோரியும் உடன் வேலை செய்தவர்களும் எழுதிய செய்முறை. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள். இரண்டாவதும் மூன்றாவதும்கூடப் புரதம் பற்றிய செய்முறைகளே. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைச் சொன்ன வாட்சன், கிரிக்கின் 1953 கட்டுரை அந்த நூறுக்குள்ளேயே வரவில்லை.

நம் ஜி.என். ராமச்சந்திரன் இன்னொரு விதம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடு சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடியலாம் என்று ஒரு வரைபடம் போட்டார். இன்று புரத வடிவத்தைப் படிக்கும் யாரும் 'ராமச்சந்திரன் பிளாட்' பார்க்காமல் நகர மாட்டார்கள். பாடப்புத்தகத்தில் ஏறி, மென்பொருளில் ஏறி, பேச்சிலும் ஏறிவிட்டதால், பலர் மூலக்கட்டுரையை மேற்கோள் காட்டுவதுகூட இல்லை. பெயராகவே மாறிவிட்ட வேலைக்கு எண்ணிக்கையில் என்ன வரும்?

"உனக்குப் பிடிச்ச கட்டுரை எது?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. 41 மேற்கோள் வாங்கியதைக் காட்டினாள்.

அது என்ன என்று அவள் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் டிவிசனில் ஒரு பிளாக்கில் திசு வளர்ப்புக் கன்று நட்டார்கள். நல்ல மரத்திலிருந்து எடுத்த திசு, எல்லாம் தாய்மரம் மாதிரியே காய்க்கும் என்றார்கள். மூன்று வருடம் உரம் போட்டு, களை எடுத்து, காத்திருந்தோம். பூ வந்தது. பழத்தைச் சுற்றி விரல் விரலாகச் சதை முளைத்து, போர்வை போர்த்தியது போல நின்றது. பல குலைகள் மரத்திலேயே அழுகின. எத்தனை மரம் அப்படி என்று ஒவ்வொன்றாக எண்ணி எழுதியவன் நான்தான். காரணம் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் வெட்டித் தள்ளினார்கள்.

காரணம் 2015இல் வந்தது. அதுவும் செம்பனை எண்ணெய் வாரியத்தார் முன்னின்று நேச்சரில் எழுதியது. மரபணுவின் எழுத்து மாறவில்லை. பூவை உருவாக்கும் மரபணு ஒன்றுக்குள் 'கர்மா' என்று பெயர் வைத்த ஒரு தாவும் துண்டு உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் இருக்க வேண்டிய மெத்தில் பூச்சு திசு வளர்ப்பின்போது கழன்றுபோனால் பழம் இப்படி ஆகிவிடுகிறது. கழன்றதைக் கன்றிலேயே கண்டுபிடிக்கலாம், மூன்று வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. இப்படித் தாவும் துண்டுகளை முதன்முதலில் சோளத்தில் கண்டு சொன்னவர் பார்பரா மெக்ளின்டாக். 1940களின் கடைசியில் சொன்னார், பெரும்பாலோர் காதில் வாங்கவில்லை, நோபல் பரிசு 1983இல் வந்தது. மகளுடைய 41 மேற்கோள் கட்டுரை, இந்தக் கர்மா பூச்சு வேறு சில குளோன்களில், அதாவது வேறு தாய்மரத் திசுவிலிருந்து வளர்த்த கன்றுகளில், எந்தத் திசுவில், எந்தக் கட்டத்தில் கழல்கிறது என்று பின்தொடர்ந்த வேலை. ஆறு வருட உழைப்பு. நான் எண்ணி எழுதிய மரங்களின் பதிலை என் மகள் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டு பேரும் அதுவரை இதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

அன்று மதியம் டவுனில் ஒரு கடையில், அதை மேற்கோள் காட்டிய அந்த 41 கட்டுரைகளிலும் அவள் பெயர் வரும் பக்கங்களை அச்செடுத்தோம். குளுவாங் ரயில் நிலையக் கோப்பிக்கடையில் ஒரு மூலை மேசை கிடைத்தது. அவள் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல நான் பழைய செக்ரோல் மாதிரி கட்டம் போட்டு எழுதினேன். 22 கட்டுரைகளில் முன்னுரையில் ஒரு வரி, நாலைந்து பெயர்களோடு சேர்த்து ஒரு பெயர். அவ்வளவுதான். 5 கட்டுரைகள் அவளே எழுதியவை. அதில் தப்பில்லை, தொடர்ச்சியான வேலை, என்றாலும் தனிக் கட்டத்தில் போட்டேன். 11 பேர் அவள் தந்த தரவை எடுத்துத் தங்கள் வேலைக்குப் பயன்படுத்தியிருந்தார்கள். மீதி 3. இந்த மூன்றும்தான் எங்களை இரண்டாவது கோப்பி சொல்ல வைத்தன. மூன்று ஆய்வுக்கூடங்கள் அவள் செய்ததைத் திரும்பச் செய்து பார்த்திருந்தன. இரண்டில் அப்படியே வந்தது. மூன்றாவது, வேறொரு குளோனில் அவள் சொன்ன கட்டத்துக்கு முன்பே பூச்சு கழன்றுவிடுகிறது என்று எழுதியிருந்தது.

"உன்னைத் தப்புனு சொல்றாங்களா?" என்று பதறினேன்.

"இல்லப்பா. இதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. எல்லாக் குளோனும் ஒண்ணு இல்லனு இவங்கதான் காட்டியிருக்காங்க." அந்தப் பக்கத்தை அவள் மடிக்காமல் தனியாக எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மேற்கோள் கணக்கு ஆரம்பித்ததே இதற்காகத்தான் என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். யூஜின் கார்ஃபீல்டு 1955இல் சயன்ஸ் இதழில் மேற்கோள் அட்டவணை வேண்டும் என்று எழுதினார். அமெரிக்க வழக்கறிஞர்கள் ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் எந்த நீதிமன்றம் ஏற்றது, எது தள்ளியது என்று பார்க்க ஒரு புத்தகம் வைத்திருந்தார்கள். அதுதான் அவருக்கு மாதிரி. ஒரு கட்டுரையை யார் தொடர்ந்தார்கள், யார் மறுத்தார்கள் என்று தெரிந்தால், தவறான தரவைக் கண்ணை மூடிக்கொண்டு திருப்பி எழுதுவது குறையும் என்பது அவர் எண்ணம். 1960களில் அட்டவணை அச்சாகி வந்தது. கோப்பிக்கடை மேசையில் நாங்கள் செய்ததும் அதே வேலைதான். பின்னால் வந்தவர்கள் அட்டவணையை மூடிவிட்டுக் கூட்டுத்தொகையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் இருக்கிறது.

என் அம்மாவைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 1970களில் அம்மாவுக்குப் பூவுக்குப் பவுடர் அடிக்கிற வேலை. செம்பனையில் ஆண்பூ தனி, பெண்பூ தனி. இங்கே தானாகச் சரியாகக் கருக்கட்டாது. ஆண்பூவின் மகரந்தத்தை டால்கம் பவுடரோடு கலந்து புட்டியில் வைத்துக்கொண்டு, விரிந்த பெண்பூ எங்கே இருக்கிறது என்று மரம் மரமாகத் தேடி ஊத வேண்டும். மட்டையின் முள் கையைக் கிழிக்கும். பூ விரிந்து இரண்டு மூன்று நாளில் அதன் காலம் முடிந்துவிடும், ஆகவே சுற்று தவறக்கூடாது. சாயங்காலம் அம்மா வரும்போது புருவம் வெள்ளையாக இருக்கும். காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுபோகும் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். ஆர்.ஏ. சையத் என்ற பூச்சியியலாளர் கேமரூனுக்குப் போய்ப் பார்த்து, அங்கே பூச்சிகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன என்று 1979இல் எழுதினார். அரிசிமணியைவிடச் சின்ன ஒரு கூன்வண்டு. அதைச் சோதித்துக் கொண்டுவந்து 1981இல் மலேசியாவில் விட்டார்கள். இந்தக் குளுவாங் வட்டாரத்துத் தோட்டத்தில்தான் முதலில். அடுத்த வருடம் என் செக்ரோலில் பவுடர் அடிக்கும் பெண்களின் கட்டமே இல்லை. அம்மா உதிரிப்பழம் பொறுக்கப் போனாள். அதில் கூலி குறைந்ததையும் சொல்ல வேண்டும், முதுகுவலி வந்ததையும் சொல்ல வேண்டும். குலை எடை ஏறியதையும் நான்தான் எழுதினேன். ஒரு தொழிலையே மாற்றிய வேலை அது. இன்றைக்கு ஆர்.என்.ஏ. செய்முறை என்று எழுதும் கட்டுரைகளோடு மேற்கோள் எண்ணிக்கையில் அதை நிறுத்தினால் எங்கே நிற்கும் என்று எண்ணிப் பார்க்கவே எனக்கு மனம் ஒப்பவில்லை.

மகள் கோலாலம்பூர் திரும்பும் முன் பழைய டிவிசனுக்குப் போனோம். ரோட்டோர மரம் ஒன்றில் ஆண்பூ விரிந்திருந்தது. கிட்டே போனதுமே சோம்பு வாசனை. அவள் பூவைத் தட்டினாள், வண்டுகள் கையில் கொட்டின. "பாட்டி வேலை" என்றாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.

பதவி உயர்வுக்கான மறுபரிசீலனை மனு வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டியிருந்தது. படிவத்தில் எண்களுக்கு ஒரு பக்கம் முழுக்க இடம், 'ஆய்வின் தாக்கம்' என்று 250 சொல்லுக்கு ஒரு கட்டம். 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய இதழாசிரியர்களும் பதிப்பாளர்களும், ஒருவரை மதிப்பிட இதழின் மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், வேலையைப் படியுங்கள் என்று கேட்டு ஒரு பிரகடனம் தயாரித்தார்கள். இப்படிப்பட்ட கட்டங்கள் படிவங்களில் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். போன தடவை அந்தக் கட்டத்தில் அவள் மறுபடியும் எண்களையே எழுதியிருந்தாள். இந்தத் தடவை மூன்று ஆய்வுக்கூடங்களைப் பற்றி எழுதினாள். எது ஒத்துப்போனது, எது ஒத்துப்போகவில்லை, அதனால் கன்றுச் சோதனையை எந்தக் கட்டத்தில் செய்வது நல்லது என்று எழுதினாள். வியாழக்கிழமை இரவு போனில் எனக்கு வாசித்துக் காட்டினாள்.

கேட்டுக்கொண்டே கட்டம் போட்ட தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். 'சுமார் பத்து குழுக்கள் தரவைப் பயன்படுத்தியுள்ளன' என்று ஒரு வரி வந்தது.

"11ம்மா" என்றேன். "சுமாரை எடுத்துட்டு 11னு போடு."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "போட்டுட்டேன்ப்பா" என்றாள்.